மூன்றாவது ஜோடி

அன்றைக்கு அந்தக் காம்பராவில், தோட்டத்து ஒற்றை அறை வீட்டில், இருந்தவர்கள் இவர்கள்தான்: புஷ்பம் அக்கா, அவருடைய வீட்டுக்காரர் ஆறுமுகம் மச்சான், அவர்கள் மகள் நிரோஷா, பக்கத்துக் காம்பரா மேரி அக்கா, அப்புறம் நான். மொத்தம் ஐந்து பேர். யாரும் விட்டுப்போகவில்லை, இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன். பெயர்களை வரிசையாக எழுதும் வேலையில் ஒரு தடவை தப்புச் செய்தவன் நான். அந்தத் தப்பு ஒரு பெண்ணின் வாழ்க்கையையே திருப்பிப் போட்டுவிட்டது என்று இருபது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பட்டியலில் முதலாவதாக இருப்பவர்தான் அந்தப் பெண்.

நான் இருப்பது கோத்தகிரியில். அரை ஏக்கர் தேயிலை, கொஞ்சம் கேரட். பிறந்தது இலங்கையில், எஹலியகொடப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். பத்தொன்பது வயதில் குடும்பத்தோடு கப்பலேறி இந்தியா வந்தோம். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போனது 2002 டிசம்பரில்தான். சண்டை நின்றிருந்த நேரம். என் மூத்த மகளுக்கு மாசியில் கல்யாணம். எனக்குக் கூடப்பிறந்த பெண் கிடையாது. பெரியப்பா மகள் புஷ்பம்தான் அக்கா. தம்பி வீட்டுக் கல்யாணத்துக்கு அக்காளைத் தபாலில் அழைப்பது எங்கள் ஆட்களிடம் இல்லை. தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, சேலை வைத்து, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் ஒன்றாக நிற்க வைத்துக் கையில் கொடுக்க வேண்டும்.

"அவுங்க வாங்கலேன்னா?" என்று என் மனைவி கிளம்புகிற அன்றைக்குக் கேட்டாள். கேட்டிருக்கவே வேண்டாம். ஏற்கெனவே நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதோடு இன்னொரு கவலையும் இருந்தது. டிசம்பர் என்றால் எங்கள் பக்கம் உறைபனி. இளஞ்செடிகளைத் தழை போட்டு மூடிவிட்டு, மகனிடம் பத்துத் தடவை சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அவன் பத்துத் தடவையும் சரி என்றான். அதுவே ஒரு கவலை.

முதல் நாள், கொழும்பிலிருந்து பஸ். பஸ் முழுக்கப் பாட்டு. சிங்களப் பாட்டு, ஆனால் மெட்டு எனக்குத் தெரிந்தது. பழைய இந்தி மெட்டு. எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், அதே மெட்டுக்குத் தமிழில் ஆபாசமாக வார்த்தை போட்டுப் பாடுவார்கள். எனக்கு அந்தத் தமிழ் வார்த்தைகள்தான் ஞாபகம் வந்தன. பக்கத்து சீட்டில் வெள்ளைச் சாரம் கட்டிய ஒரு சிங்களப் பெரியவர் தலையாட்டி ரசித்துக்கொண்டிருந்தார். நானும் மரியாதைக்குத் தலையாட்டினேன். எந்த ஊர் என்று சிங்களத்தில் கேட்டார். இந்தியா என்றேன். இந்தியாக்காரர் இவ்வளவு சிங்களம் பேசுவாரா என்றார். பிறந்தது எஹலியகொட என்றதும், அப்படியென்றால் நீ இந்த ஊர் ஆள்தானே, எதற்கு இந்தியா என்கிறாய் என்று கோபித்துக்கொண்டார். கோத்தகிரியில் இருபது வருஷமாக எனக்குப் பெயர் சிலோன்காரன். அதை அவரிடம் சொன்னால் இன்னும் கோபப்படுவார் என்று சொல்லவில்லை.

எஹலியகொட வந்தபோது ஜன்னலோரம் எட்டிப் பார்த்தேன். மழையில் ரப்பர் மரங்கள் கறுப்பாக நின்றன. விண்டர் என்ற வார்த்தையை நான் கற்றுக்கொண்டது அந்த மரங்களிடம்தான். தை கடைசியில் இலையெல்லாம் சிவந்து கொட்டும். பால் குறையும். "மரம் விண்டர் எடுக்குது" என்று கணக்கப்பிள்ளை சொல்வார். வேலை குறையும், சம்பளமும் குறையும். மரத்துக்கு வருகிற காய்ச்சல்தான் விண்டர் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஆறாம் வகுப்போடு நின்றவன், எனக்கு யார் சொல்லித் தருவார்கள்? இப்போது கோத்தகிரியில் வருஷம் மூன்று மாதம் விண்டருக்குள்ளேயே கிடக்கிறேன். இன்னமும் அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்குக் குளிராது, சம்பளம்தான் ஞாபகம் வரும்.

பெல்மதுளையில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. இறங்கி ஒதுங்கிவிட்டு வந்து ஏறினேன். அதே சிவப்பு பஸ், அதே பாட்டு. பஸ் கிளம்பி வலப்பக்கம் திரும்பிய பிறகுதான் பக்கத்தில் பெரியவர் இல்லை என்று பார்த்தேன். பையும் இல்லை. பையில் தட்டு, சேலை, பத்திரிகை எல்லாம் இருந்தன. அது எம்பிலிப்பிட்டிய போகிற பஸ். நான் போட்ட சத்தத்தில் கண்டக்டர் விசில் அடித்து இறக்கிவிட்டார். ஆட்டோவை இங்கே த்ரீவீல் என்கிறார்கள். ஒன்றைப் பிடித்து, அக்கா இருக்கிற ஓப்பநாயக்கவுக்குத் துரத்தினேன். வழி முழுக்க, அக்கா பத்திரிகையை வாங்கக் கூடாது என்று சாமியே முடிவு செய்துவிட்டதாக எனக்குப் பட்டது.

ஓப்பநாயக்கச் சந்தியில் ஒரு முஸ்லிம் தேத்தண்ணிக் கடை. என் பை அங்கே கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. பெரியவர் கண்டக்டரிடம் சொல்லி, நான் இறங்க வேண்டிய இடத்தில் இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்கதானா அது? பை முந்தி வருது, ஆள் பிந்தி வருது" என்றார். ரொட்டியும் கட்டச் சம்பலும் வைத்தார். மாசிக் கருவாடும் மிளகாயும் உப்பும் சேர்த்து இடித்த அந்தச் சம்பல் நாக்கில் பட்டதும் கண்ணில் தண்ணீர் வந்தது. சம்பலால்தான். தேத்தண்ணியில் சீனி இல்லை. கித்துள் மரத்துக் கருப்பட்டியை ஒரு துண்டு உடைத்து உள்ளங்கையில் வைத்தார். அதைக் கடித்துக்கொண்டே குடிக்க வேண்டும். காசு கொடுத்தபோது தேத்தண்ணிக்கு மட்டும் எடுத்துக்கொண்டார்.

அக்காவின் லயம் மேல் கணக்கில், அதாவது தோட்டத்தின் மேல் பிரிவில், தேயிலைக்கு நடுவே. நான் போனபோது கொழுந்து நிறுத்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். தண்ணீர் காலில் கொட்டிக்கொண்டே இருந்தது. பிறகு, "வா" என்றார். அவ்வளவுதான். அழவில்லை, திட்டவில்லை, எப்படி வந்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதில்களுக்கு வேலையே வரவில்லை.

மச்சான் வீட்டில் இல்லை. மறுநாள் போயா, பௌர்ணமி லீவு. டிசம்பர் போயாவோடு சிவனொளிபாத மலை சீசன் தொடங்குகிறது. பேக்டரி ஆட்கள் ஆறேழு பேரோடு மலை ஏறப் போயிருந்தார். அவர் வந்ததும்தான் பத்திரிகை என்று அக்கா சொல்லிவிட்டார். முறை அதுதான், என்னால் மறுக்க முடியவில்லை. ஆனால் எனக்கு இரண்டு நாள் தள்ளிப்போனது.

அந்தத் தப்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் கொழும்பு ரேடியோவுக்கு போஸ்ட் கார்டு போட்டால், கேட்ட பாட்டைப் போடுவார்கள், கேட்டவர்கள் பெயரையும் வாசிப்பார்கள். எங்கள் லயத்தில் என் கையெழுத்துதான் அழகு. அதனால் பெயர் எழுதுகிற வேலை என்னுடையது. ஒரு ஐப்பசியில் ஆறு பெயர் சேர்ந்தது. அறிவிப்பாளர் வாசிக்கும்போது தாளமாக வர வேண்டும் என்று யோசித்து யோசித்து எழுதினேன். முதலில் முத்தையா, செல்லம்மா. புருஷன் பெண்டாட்டி. அடுத்து ராமன், காளியம்மா. அவர்களும் புருஷன் பெண்டாட்டி. மிச்சம் இரண்டு பெயர். செல்வராஜ், புஷ்பம். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. வேறு வேறு லயம். அறிவிப்பாளர் பாவம், கார்டில் இருந்தபடியே இரண்டிரண்டாக நிறுத்தி வாசித்தார். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம், எல்லார் வீட்டு ரேடியோவிலும். பெரியப்பா எழுந்து ரேடியோவை நிறுத்தினார். பிறகு அக்காவை அடித்தார்.

அக்கா பத்து வரை படித்தவர். தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்க்கிற வேலை. டீச்சராகவே ஆகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் அந்த வேலையிலிருந்து நிறுத்தினார்கள். தையில் ஓப்பநாயக்கவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அந்தக் கல்யாணத்துக்கும் நான் போகவில்லை, மாப்பிள்ளையைப் பார்த்ததும் இல்லை. சில மாதத்தில் நாங்கள் கப்பலேறினோம். அக்காவிடம் நான் சொல்லிக்கொள்ளவில்லை. முகத்தைப் பார்க்கப் பயம்.

இரண்டாம் நாள், போயா. காலையில் நான் குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். கோத்தகிரிப் பழக்கம். நிரோஷா சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். "மாமா, இந்தக் குளிருக்கே குல்லாவா?" என்றாள். உண்மையில் குளிரவே இல்லை. மழை ஈரம்தான். இருந்தாலும் கழற்றினால் காதுக்குள் காற்றுப் போய்விடுமோ என்று கழற்றவில்லை.

மேரி அக்கா காம்பராவில் கிறிஸ்மஸ் மரம் தயார். சைப்ரஸ் கொப்பு ஒன்றை பெயின்ட் டின்னில் நட்டு, பஞ்சைப் பிய்த்து மேலே தூவியிருந்தார். பனியாம். இந்தத் தோட்டத்தில் யாரும் பனியைக் கண்டதில்லை. காலண்டர் படத்தைப் பார்த்துத்தான் செய்கிறார்கள். எங்கள் ஊரில் விடியற்காலை புல்மேல் உப்புத் தூவியது போல வெள்ளையாக உறைந்து கிடக்கும், மிதித்தால் நொறுங்கும், தேயிலை கருகிப்போகும் என்று சொன்னேன். "அப்ப பனி நல்லதில்லையா?" என்று மேரி அக்கா கேட்டார். நல்லதில்லை என்றேன். மரத்தில் இருந்த பஞ்சைத் தொட்டுப் பார்த்தார். "சரி, இது பஞ்சுதானே" என்றார்.

அந்த வீட்டுக் காலண்டரைப் பார்த்தேன். போயா, பொங்கல், ஹஜ்ஜுப் பெருநாள், வெசாக், தீபாவளி, கிறிஸ்மஸ் என்று எல்லாருக்கும் லீவு. எங்கள் ஊரில் இவ்வளவு கிடையாது. கோத்தகிரியில் லீவு நாளென்றால் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து புதுப்படம் பார்ப்போம். படத்தைவிட விளம்பரம் நீளம். இங்கே அக்கா லீவு நாளில்தான் விறகு உடைக்கிறார், துணி துவைக்கிறார், வீட்டுக்குச் சாணி மெழுகுகிறார். வேலைக்குப் போகிற நாளில்தான் கொஞ்சம் உட்கார்கிறாரோ என்று தோன்றியது. ரேடியோ மட்டும் நாள் முழுக்கப் பாடுகிறது. இப்போது எஃப்எம். பேசுகிறவர்கள் வேகமாகப் பேசுகிறார்கள், அவர்களே சிரித்துக்கொள்கிறார்கள். அந்தக் காலத்து அறிவிப்பாளர்கள் வேட்டி கட்டிக்கொண்டு பேசுவது போல இருக்கும். இவர்கள் ஓடிக்கொண்டே பேசுவது போல இருக்கிறது. ஆனால் இடையில் ஒரு பழைய பாட்டைப் போட்டார்கள். விறகு உடைத்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. பாட்டு முடிந்ததும் மறுபடி கோடாலி விழுந்தது. அந்தப் பாட்டில் எதை நினைத்தாரோ என்று அன்றைக்கு முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சாயந்திரம் நிரோஷா பஜாருக்குக் கிளம்பினாள். கொமியூனிகேஷன் என்கிற டெலிபோன் கடையிலிருந்து எஃப்எம்முக்குக் கோல் எடுத்துப் பாட்டுக் கேட்கப் போகிறாளாம். நம் வீட்டு ஆட்கள் பெயரெல்லாம் சொல்லுவேன் என்றாள். எந்த வரிசையில் சொல்லுவாய் என்று கேட்டேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். வரிசை என்ன மாமா, வாய்க்கு வந்தபடிதான் என்றாள். யாருக்குப் பிறகு யாரைச் சொல்கிறாய் என்று கவனமாக இரு என்றேன். அக்கா பின்னால் நின்றது எனக்குத் தெரியாது. திரும்பினால் நிற்கிறார். முகத்தில் ஒன்றும் இல்லை. போய்விட்டு வா, இருட்டுக்குள் வந்துவிடு என்று மகளிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பிறகு நாங்கள் காத்திருந்து கேட்டோம். நிரோஷாவின் குரல் ரேடியோவில் வேறு யாரோ போல வந்தது. அம்மா, அப்பா, மேரி ஆன்டி, இந்தியாவிலிருந்து வந்திருக்கிற குல்லா போட்ட மாமா என்று சொன்னாள். மேரி அக்கா சிரித்து உருண்டார். அக்கா சிரிக்கவில்லை. ரேடியோவைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் நாள் காலையில் மச்சான் வந்து சேர்ந்தார். நான் மனதில் வைத்திருந்தது பெரிய மீசை வைத்த ஒரு ஆளை. வந்தவர் ஒல்லியாக, துவாயைத் தலையோடு சுற்றிக்கொண்டு, இரண்டு காலையும் அகட்டி அகட்டி நடந்தார். உச்சியில் காற்று கத்தி மாதிரி இருந்ததாம். படி இறங்கியதில் முழங்கால் கழன்றுவிட்டதாம். என் குல்லாவைப் பார்த்ததும், "மச்சான், இத முந்தாநாளே கொண்டாந்திருக்கக் கூடாதா?" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. அதனால் பயம் இன்னும் கூடியது. இந்த மனுஷனுக்கு முன்னால் போஸ்ட் கார்டு பேச்சு வந்தால் என்ன ஆகும்?

குளித்துவிட்டு வந்தார். கிழக்கே பார்த்து இரண்டு பேரும் நின்றார்கள். மேரி அக்கா வாசலை அடைத்துக்கொண்டு நின்றார், நிரோஷா ரேடியோவைக் குறைத்தாள். தட்டை நீட்டினேன். மச்சான் கை நீட்டினார். அக்கா நீட்டவில்லை. மச்சானுடைய கையும் பாதியில் நின்றது.

"ஒனக்கு எழுத வராதா?" என்று அக்கா கேட்டார்.

எனக்குப் புரியவில்லை.

"லயத்துலேயே ஒன் கையெழுத்துதான் அழகுன்னுவாங்க. இருவது வருசம். ஒரு காயிதம் இல்ல. அப்பா செத்ததுக்கு ஒரு வரி இல்ல. நீ அங்க உசிரோட இருக்கியா இல்லையான்னு வர்றவன் போறவன்கிட்ட நான் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

தட்டு சாய்ந்தது. வெற்றிலை சரிந்தது. பயத்தில் நான் சொல்லக் கூடாது என்று வைத்திருந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். கார்டு, ஆறு பெயர், செல்வராஜ், மடுவத்து வேலை, எல்லாம். எந்த முகத்தோடு எழுதுவது அக்கா என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் மச்சான் பக்கத்தில் நிற்கிறார், மகள் நிற்கிறாள் என்று உறைத்தது.

மச்சான் நெற்றியைச் சுருக்கினார். "அந்தக் கார்டு எப்ப?"

ஐப்பசி என்றேன்.

"நாங்க ஆடியிலேயே வந்து பேசி முடிச்சிட்டுப் போயிட்டோமே" என்றார்.

அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை. "எனக்குத்தான் யாரும் சொல்லல" என்றார். "நீ கார்டு போடலேன்னாலும் நான் இங்கதான் வந்திருப்பேன். மடுவத்துலேர்ந்தும் நிப்பாட்டித்தான் இருப்பாங்க. அப்பாவுக்கு அடிக்க ஒரு சாக்கு கெடச்சிச்சு, அவ்வளவுதான்."

"செல்வராஜ் யாரும்மா?" என்று நிரோஷா மெல்லக் கேட்டாள்.

"எந்நேரமும் மூக்க உறிஞ்சிக்கிட்டே இருப்பான்" என்றார் அக்கா. மேரி அக்கா சிரிப்பை விழுங்கினார். மச்சான் ஒரு தடவை தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பிறகு அக்கா என்னிடம் தாழ்ந்த குரலில் பேசினார். இதைத்தான் நான் கோத்தகிரி வந்த பிறகும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். "அடி வாங்கினது நெசம். ஆனா ரேடியோல என் பேரு அந்த ஒரு தடவதான்டா வந்துச்சு. யாரு பேரோட வந்துச்சுன்னா எனக்கென்ன? என் பேரு வந்துச்சு. அதச் சொல்லி ஒனக்கு ஒரு காயிதம் போடலாம்னு பாத்தா, வெலாசம் இல்ல."

இருபது வருஷம் ஒரு கார்டை நினைத்துப் பயந்து, எழுத வேண்டிய கார்டை எழுதாமல் இருந்திருக்கிறேன். பயப்பட வேண்டியது எது என்று சரியாகத் தெரிந்து பயந்த நாளே எனக்கு இல்லை போலிருக்கிறது.

தட்டு இன்னும் என் கையில்தான் இருந்தது. கை கடுத்தது. அக்கா அதில் இருந்த சேலையைத் தொட்டுப் பார்த்தார், கரையைத் திருப்பிப் பார்த்தார்.

"கல்யாணம் எப்ப?"

"மாசி கடைசியில."

"வழிச்செலவு யாரு தர்றது?"

மச்சான் சங்கடப்பட்டு, அதெல்லாம் பிறகு பார்க்கலாம் என்று இழுத்தார். அக்கா அவரைப் பேசவிடவில்லை. "நீங்க சும்மா இருங்க. அக்காவக் கூப்பிடுறவன்தான் வழிச்செலவு குடுக்கணும். எங்க வீட்டு மொற அது. அவனுக்குத் தெரியும்."

தெரியும். என் அப்பா தன் அக்காளுக்கு அப்படித்தான் கொடுத்தார். தங்கைக்கோ அக்காளுக்கோ உரிமை இருக்கிற வீட்டில்தான் அந்தக் காசைக் கேட்பார்கள். வேண்டாதவர்கள் கேட்க மாட்டார்கள், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுவார்கள்.

மேரி அக்கா வாசலில் நின்றபடியே கணக்குப் போட்டார். பாஸ்போர்ட்டுக்கு இவ்வளவு, பிளேன் டிக்கட் போக வர இவ்வளவு, கொழும்புக்கு இரண்டு தடவை போய்வர பஸ்ஸுக்கு இவ்வளவு. மச்சான் நடுவில் ஐந்நூறு குறைக்கப் பார்த்தார், அக்கா விடவில்லை. பதினெட்டாயிரம் ரூபாயில் வந்து நின்றது.

என் சட்டைப் பையில் இலங்கைக் காசு ஏழாயிரம் இருந்தது. திரும்பிப் போக ஆயிரத்து ஐந்நூறு வேண்டும். வழியில் மறுபடியும் பஸ் மாறி ஏறிவிட்டால் என்ன செய்வது என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு மிச்சத்தை எண்ணித் தட்டில் வைத்தேன். அக்கா ஒரு தடவை எண்ணிப் பார்த்தார். மச்சானைப் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டு, இரண்டு கையாலும் தட்டை வாங்கினார்.

பாக்கி பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.